சுயபராமரிப்புக்கு உட்தலைப்புகள்

ஜூலை 7, திங்கள்
தூறல். துணி காயவில்லை. பெங்களூரு கம்பெனியின் வலைப்பதிவுக்குப் புது வேலை: பெற்றோரின் சுயபராமரிப்பு பற்றிய கட்டுரை. வெள்ளிக்குள் சட்டகமும் உட்தலைப்புகளும் போதுமாம். இதுவரை:
– முதலில் உங்களைக் கவனியுங்கள்
– உதவி கேட்கத் தயங்காதீர்கள்
– உங்களுக்கென்று சிறிது நேரம்
மூன்றாவதை முடிப்பதற்குள் யாழினி தலைமுடியில் பசை தடவிக்கொண்டாள். வயது ஐந்து. தேங்காய் எண்ணெய், சீப்பு, அழுகை.
மனைவி கலா இன்றும் ஆபீஸிலிருந்து தாமதம். பெங்களூரிலிருந்து மாலை வண்டி. கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கினால் வீடு நடக்கிற தூரம். “வண்டி லேட்டு” என்றாள். செயலியில் வண்டி சரியான நேரம். கேட்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்
எடிட்டர் பெண்ணின் குரல்பதிவு: “சார், சூப்பர். ஆனா இன்னும் எமோஷனலா வேணும். காலிக் கோப்பைலேர்ந்து ஊத்த முடியாதுன்னு ஒண்ணு போடுங்க.” போட்டேன். எங்கள் வீட்டில் எல்லாம் டம்ளர்.
வண்டி சரியான நேரம். கலா லேட்டு. யோசித்த காரணங்கள்: வியாதி, மறைக்கிறாள். வேறு யாரோ. அல்லது எங்கள் இருவரையும் பார்க்கவே அலுத்துவிட்டது. மூன்றாவதற்குத்தான் அதிகம் பயம். நியாயமான காரணம் என்பதால்.
யாழினி: “அப்பா, இன்னாத்துக்கு வாசலையே பாத்துனு கீற?”
காற்றுக்காக என்றேன். கொசு வந்தது.

ஜூலை 9, புதன்
ராபர்ட்சன்பேட்டை. தக்காளி வாங்க. ஆட்டோ முருகன் வண்டியை ஓரம் கட்டினான்.
“இன்னா அண்ணே, அக்காவுக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லியா?”
“ஏன்?”
“தெனம் மாரிக்குப்பத்துலதான ஏத்தினு வரேன்? கடைசி ஸ்டேஷன். எல்லாரும் எறங்கிப் பூட்டாலும் பொட்டிக்குள்ள சொம்மா குந்தினு இருப்பாங்க. கால நீட்டினு. நானும் ஹாரன் அடிக்கறதில்ல.”
“தூங்கிடறாளா?”
“எங்க தூங்கறாங்க? நல்லா முழிச்சினுதான் கீறாங்க.”
வண்டியில் தூங்கிப்போய் மாரிக்குப்பத்தில் கண் விழிப்பவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். விழித்துக்கொண்டே வீட்டைத் தாண்டிப் போகிறவள் இவள்தான். தக்காளி வாங்கவில்லை.

ஜூலை 10, வியாழன்
‘உங்களுக்கென்று சிறிது நேரம்’ அடியில் எடுத்துக்காட்டு தேவையாம். வாசனை மெழுகுவர்த்தி, நீண்ட வெந்நீர்க் குளியல் என்று எழுதினேன். இங்கே குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று எடிட்டருக்குத் தெரியாது. காலி ரயில் பெட்டி என்று சேர்த்தேன். அழித்தேன். அவளுடையது அது, பதிவுக்கு இல்லை.
கலா வந்தாள். லேட்டு. குழந்தையைத் தூக்கினாள், முத்தம் கொடுத்தாள். ஓடிப்போகிறவள் போலத் தெரியவில்லை. தெரியும்படியா ஓடுவார்கள்?

ஜூலை 11, வெள்ளி
சட்டகம் அனுப்பியாயிற்று. “செம்ம சார்” என்று பதில்.
சாப்பிடும்போது கலாவிடம் சொல்லிவிட்டேன், முருகன் சொன்னதை. பிசைந்த கை நின்றது.
“வேவு பாக்கறீங்களா?”
“தக்காளி வாங்கப் போனேன்.”
“வுட்டுட்டுப் பூடுவேன்னு நெனச்சிட்டீங்களா?”
“கொஞ்சம்.”
சிரிக்கவில்லை. “ஆபீஸ்ல கூப்புட்டுனே இருக்காங்க. வண்டில சீட்டுக்கு இடிக்கறாங்க. வீட்டுக்கு வந்தா இவ. அங்க ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க. அவ்ளோதான்.”
“திங்கள்லேர்ந்து இவளுக்கு நானே சோறு ஊட்டிடறேன். நீ நிதானமா வா.”
ரசம் ஊற்றிக்கொண்டாள். பிறகு, தட்டைப் பார்த்தபடி:
“செரி. அந்த நேரத்துல போன் மட்டும் பண்ணாதீங்க.”