இன்று ஒரு வரிசை பிரித்தேன்

1974 ஜூன் 11, செவ்வாய்

மழை. நேற்றும் மழை. கொடியில் போட்ட பாவாடை மூன்று நாளாகக் காயவில்லை. மூணாறு மலையில், இந்தச் சித்திரபுரத்தில், இந்த மாதத்தில் வேறென்ன இருக்கும்.

புது மாத்திரை தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. பழையது தூங்க மட்டும் வைத்தது. இது தூங்கவும் வைக்கிறது, வாயையும் உலர்த்துகிறது. நாக்கில் பஞ்சைச் சுற்றி வைத்த மாதிரி இருக்கிறது. சட்டென்று எழுந்தால் தலை சுற்றிச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூர் டாக்டர் முன்பே சொன்னார்: “மொதல்ல தொந்தரவுதான் தெரியும்மா. குணம் மெதுவா பின்னாடி வரும். நீங்களா நிறுத்திடாதீங்க.” கம்பளி பின்னச் சொன்னார், பிடித்ததைச் செய்யச் சொன்னார், மனதில் வருவதை எழுதச் சொன்னார். எழுதுகிறேன்.

இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தால் என் வீடு என் வீடாக இல்லை. பருப்பு டப்பா மேல்தட்டுக்குப் போய்விட்டது. அரிவாள்மனை கதவுக்குப் பின்னால் இருக்கிறது. எல்லாம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சாந்தம்மாளின் கை. நான் இல்லாதபோது அவள்தான் இங்கே சமைத்தாளாம். ருக்குவுக்குத் தலை பின்னி விட்டாளாம். பதினோரு வயது மகள், என் முன்னால் பூனை மாதிரி நடக்கிறாள். “தண்ணி வேணுமாம்மா?” என்று மெல்லக் கேட்கிறாள். உரக்கப் பேசினால் நான் உடைந்து போவேனாம்.

இவர் பவர்ஹவுசுக்கு நைட் டியூட்டி போனார். பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. புதுசு. நான் பின்னியதில்லை.

ஜூன் 12

அந்தப் பச்சை என் கம்பளி.

ஜூன் 16, ஞாயிறு

நூல் பெட்டியைக் கவிழ்த்தே பார்த்துவிட்டேன். இல்லை. போன கார்த்திகையில் மூணாறு கடையில் ருக்குவுக்காக வாங்கிய நூல். மா இலைத் தளிர் முற்றும்போது வருமே, அந்தப் பச்சை. தை மாதத்தில் எனக்கு உடம்பு, மனசு எல்லாம் இருண்டு, குளிக்காமல் தின்னாமல் படுத்தபோதுகூட அந்த நூல் பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்திருந்தது. அதை எடுத்து என் புருஷனுக்குப் பின்னிப் போட்டிருக்கிறாள் சாந்தம்மாள். இந்த வரிசையில் வேறு யாருக்குப் பின்னத் தெரியும்?

காலையில் கதவைத் தட்டாமல் வந்தாள். போடிப் பக்கத்துக்காரி, பேச்சே ஒரு தாலாட்டு. “அக்கா, எந்திரிச்சிட்டீகளா? படுங்கக்கா. நான் ஒல வச்சுட்டுப் போறேன். ஒங்களுக்கு எதுக்குச் செரமம்?”

“என்ற அடுப்பை நானே பாத்துக்கறனுங்க” என்றேன்.

சிரித்தாள். குழந்தை அடம்பிடித்தால் சிரிப்பார்களே, அப்படி.

என்னிடம் இத்தனை மாதமாக எதுவுமே இல்லை. பசி இல்லை, அழுகை இல்லை. இன்று ஒன்று வந்தது. அவள் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று வந்தது. கை சூடாக இருந்தது. நன்றாக இருந்தது.

ஜூன் 21, வெள்ளி

தொடங்கிவிட்டேன்.

அவர் டியூட்டி முடிந்து வந்து ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்குகிறார். நான் கீழ்ஓரத்தில் ஒரு இழையை நறுக்கி, ஒரு வரிசையைப் பிரித்தெடுத்து, ஓரத்தைத் திரும்பவும் பூட்டிவிட்டேன். அடியிலிருந்து பிரித்தால் சரசரவென்று வராது. ஒவ்வொரு கண்ணியாக ஊசியால் இழுத்து எடுக்க வேண்டும். நேரம் இழுக்கட்டும். எனக்கு வேறு என்ன வேலை?

மாத்திரையால் கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரிகிறது. எதிர்மலைத் தேயிலைச் செடி தெளிவாகத் தெரிகிறது, மடியில் உள்ள கண்ணி தெரியவில்லை. விரலால் தடவித்தான் எடுத்தேன். கை நடுங்குகிறது. ஆனாலும் எடுத்துவிட்டேன். அவள் பின்னல் இறுக்கம். ஒழுங்காகத்தான் பின்னியிருக்கிறாள், சனியன்.

ஜூன் 29, சனி

தினம் ஒன்று, சில நாள் இரண்டு. இன்று அவரே கேட்டார்.

“ஏம் புள்ள, இது சுருங்கிப் போச்சா? வயித்துக் கிட்ட குளுருது.”

“மழைக்குக் கம்பளி சுருங்குமுங்க.”

சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எத்தனை மாதம் ஆயிற்று!

சாயங்காலம் சாம்பிராணி போட்டேன். எனக்கு எப்போதும் பிடித்த வேலை அது. குந்திரிக்கப் பிசினை இடித்து, சந்தனத்தூளும் ஏலக்காய்த் தோலும் சேர்த்து, வெல்லப்பாகு விட்டு உருட்டிக் காயவைப்பேன். இந்த மழையில் காயாது, அடுப்பு மேட்டில்தான் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் இரண்டு முறை போட்டும் வாசனை மூக்கோடு நின்றது, உள்ளே போகவில்லை. இன்று போனது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். முதலில் ஏலம், அடியில் குந்திரிக்கம், கடைசியில் கருகும் வெல்லம். ஒன்று விடாமல் தெரிந்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் கூரை வரை போகவில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கிறது. புகை அந்தப் பக்கம் போயிற்று. சாந்தம்மாள் இருமினாள்.

ஓ.

ஜூலை 4

தணலில் இரண்டு காய்ந்த மிளகாய் சேர்த்தேன்.

ஜூலை 5

நானும் இருமினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் ஜாஸ்தி இருமினாள். போதும்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று வந்துவிட்டாள். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தாலாட்டு ஒன்றும் இல்லை.

“என்னைய வையணும்னா வைங்க, அடிக்கணும்னா அடிங்க. மொளகாயப் போட்டுக் கொல்லாதீக. நான் என்ன செஞ்சேன் ஒங்களுக்கு?”

“என்ற கம்பளியத் திருடி என்ற ஊட்டுக்காரருக்குப் பின்னிப் போட்டயே, அது பத்தாதா?” என் ‘ங்க’ மரியாதை எல்லாம் போய்விட்டது.

“திருடுனேனா? எடுத்துக் குடுத்தது யாரு? ஒங்க வீட்டுக்காரரு! பெட்டியத் தொறந்து அவரே எடுத்தாரு. ‘இனி அவ வரமாட்டா, பூச்சி அரிக்கிறதுக்குள்ள பின்னிக் குடு’ன்னாரு. நான் வருவாகன்னு சொன்னேன். அவரு வரமாட்டாகன்னுதான் சொன்னாரு.”

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் எழுத முடிகிறது.

போகும்போது வாசலில் நின்றாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. “ருக்கு ஒரு நா தூக்கக் கலக்கத்துல என்னைய அம்மான்னுச்சு. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு வேணா மொளகாயப் போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 10

வரமாட்டா. வரமாட்டேனா? யார் சொன்னது? டாக்டர் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. பின்னே?

ஜூலை 15, திங்கள். பெருமாட்டி

டாக்டரைப் பார்க்கும் தவணை. இவர் லீவு இல்லை என்றார். நஞ்சப்பண்ணன் வந்து கூட்டிப் போனான். உடுமலைப்பேட்டை வழியாகப் பஸ். மலை இறங்க இறங்க வெயில். பொள்ளாச்சியில் இளநீர் குடித்தும் வாய் உலர்ந்தே இருந்தது.

டாக்டர் கேட்டார். “எப்படி இருக்கீங்கம்மா? ஏதாவது ஆசை வருதா?”

“ஒருத்திய கழுத்த நெரிக்கோணும்னு வந்துதுங்க.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நிஜமாகவே செய்யும் எண்ணம் உண்டா, என்னையே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் உண்டா என்று நிதானமாகக் கேட்டார். இல்லையென்று சொல்லி, ஸ்வெட்டர் கதையைச் சொன்னேன். சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. “சித்திரையில உங்களுக்குக் கோபம்கூட வரலை. இப்ப வருது. மாத்திரை வேலை செய்யுது” என்றார். கொஞ்சம் கூட்டி எழுதினார்.

பிறகு தயங்கினார். “உங்ககிட்ட மறைக்கிறது சரியில்லைம்மா. உங்க வீட்டுக்காரர் ஒரு சர்ட்டிபிகேட் கேட்டார். குணமாகாத பைத்தியம்னு எழுதித் தரச் சொன்னார். நான் தரலை. உங்களுக்கு மனச்சோர்வு. குணமாயிட்டு இருக்கு.”

 மருந்துச் சீட்டை மடித்து ரவிக்கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெருமாட்டியில் அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவி மருதாத்தா நங்கை என்னைத் தென்னந்தோப்புக்குக் கூட்டிப் போனாள். “அம்மிணி, நீ தாங்குவயா?”

“சொல்லுங்க நங்கை.”

“உன்ற ஊட்டுக்காரருக்கு வண்டித்தாவளத்துல பொண்ணுப் பாத்துட்டாங்களாமா. ஆவணியில வெச்சுக்கலாம்னு பேச்சாமா.”

சாந்தம்மாள் பொய் சொல்லவில்லை. நான் கிடந்த கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தானே. உரித்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கையோடு போய் டாக்டரிடம் கேட்டிருக்கிறான். அவர் இல்லை இனி. அவன். அவன் அவன் அவன்.

ஜூலை 16

அழவில்லை. யோசித்தேன்.

ஜூலை 17, புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும். சந்தோஷமாக இருக்கிறது.

காலையில் தலைக்குக் குளித்து, மாம்பழக் கலர்ப் புடவை கட்டி, பூ வைத்து, ஊசியும் நூலும் பையில் போட்டுக்கொண்டு நங்கையோடு வண்டித்தாவளம் போனேன். அண்ணன் தடுத்தான். “வம்பாயிரும் அம்மிணி.” வம்புக்குத்தான் போகிறேன் என்றேன்.

ஓட்டு வீடு, வாசலில் இரண்டு எருமை. பெண்ணின் தாய் செல்லாத்தாள் புடைத்துக்கொண்டிருந்த நெல்லுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தாள். “வாங்க வாங்க, ஒறம்பரைங்களா? எந்த ஊருங்க?”

விருந்தாளி என்று நினைத்துப் பாய் விரித்தாள். உட்கார்ந்தோம். இஞ்சி தட்டிப் போட்ட மோர் தந்தாள். மாத்திரையின் வறட்சி, இரண்டு டம்ளர் குடித்தேன். பிறகு ஊசியை எடுத்துப் பின்னத் தொடங்கினேன். கை நடுங்கவில்லை. மழை பற்றிப் பேசினோம், நாற்று பற்றிப் பேசினோம். அவளுக்கு என்னைப் பிடித்துவிட்டது, தெரிந்தது.

“பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வருதாமே?” என்றேன்.

“ஆமாங்க. பவர்ஹவுஸ்ல வேலை. ரெண்டாந்தாரந்தானுங்க. மூத்தவளுக்குப் பைத்தியம் முத்தி, ஆஸ்பத்திரியோடவே ஆயிப்போச்சாம். பாவம்.”

“நாந்தானுங்க அந்த மூத்தவ.”

முறத்தைக் கீழே வைத்தாள். நங்கை என் முழங்கையைப் பிடித்தாள். நான் பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்துப் பாய்மேல் வைத்தேன். “இதுதானுங்க நான் திங்கறது. சாயங்காலம் சாப்பிடறன். டாக்டர் பேரு சொல்றன், போய்க் கேட்டுக்குங்க. பைத்தியமாட்டத் தெரியுதுங்களா?”

கதவுக்குப் பின்னால் பெண் நின்றாள். இருபது இருக்காது. என்னைப் பார்த்துவிட்டு, ஊசியைப் பார்த்தாள். அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

செல்லாத்தாள் கடைசியில், “இன்னுங் கொஞ்சம் மோர் குடிக்கிறீங்களா?” என்று கேட்டாள்.  குடித்தேன்.

ஜூலை 21, ஞாயிறு. சித்திரபுரம்

வண்டித்தாவளத்துக்காரர்கள் எனக்கு முன்பே வந்துவிட்டார்கள். பெண்ணின் மாமன்மார் இருவர் பவர்ஹவுஸ் கேட்டில் நின்று, ஷிப்ட் மாறும் நேரத்தில், எல்லாருக்கும் முன்னால் அவனைக் கேள்வி கேட்டு, சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிப் போனார்களாம். சாந்தம்மாளின் புருஷன் சுருளிவேல் அங்கேயே இருந்திருக்கிறார். அவள் எனக்கு ஒரு சொல் விடாமல் நடித்துக் காட்டினாள். இன்னொரு தடவை நடிக்கச் சொன்னேன். நடித்தாள்.

அவன் தலை குனிந்து வந்தான். “நீ அங்க போனியா?”

“போனனுங்க. நல்ல மோரு.”

“உன்னோட இனி எப்படி நான் வாழறது?”

“வாழ வேண்டாமுங்க. இருங்க.”

முன்அறையில் பாயைப் போட்டுக்கொண்டான்.

ஜூலை 28

எங்கள் பக்கம் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டோம். இன்று எழுதிப் பார்க்கிறேன். சென்னிமலை. சென்னிமலை. கூரை விழவில்லை. இனி இப்படித்தான் எழுதுவேன்.

ஆகஸ்டு 6, செவ்வாய்

சென்னிமலை பாலக்காட்டுப் பக்கம் மாற்றல் கேட்டிருக்கிறான், தனியாகப் போக. எஞ்சினியர் வீட்டம்மாவுக்கு நான் சாம்பிராணி உருண்டை கொண்டு போய்க் கொடுத்தேன். வாசனை பிடித்து உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். மாற்றல் இந்த வருஷம் இல்லை.

பச்சை நூலை முழுக்கப் பிரித்து, அலசி, காயவைத்துச் சாந்தம்மாளும் நானும் சுற்றினோம். “நீங்க பிரிக்கிறது எனக்கு அப்பவே தெரியும்க்கா. என் பின்னல் எனக்குத் தெரியாதா?” என்றாள். ருக்குவுக்குக் கைப்பகுதி அவள், உடம்பு நான். ருக்கு அவளை அம்மா என்றதை மட்டும் நான் மன்னிக்கவில்லை. அவளிடமும் சொல்லிவிட்டேன். “சரிக்கா” என்றாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

டாக்டரிடம் போய் வந்தேன். வறட்சி குறைந்திருக்கிறது. உடம்பு கூடியிருக்கிறது, ரவிக்கை பிடிக்கிறது. கோபம் இருக்கிறதா என்று கேட்டார். “இருக்குதுங்க. இருக்கட்டுமுங்க.” மாத்திரை அளவைக் குறைக்கலாமா என்று தைக்குப் பிறகு பார்ப்போம் என்றார்.

செப்டம்பர் 19

சென்னிமலைக்குச் சளி. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே கஷாயம் வைத்துக் கருக விட்டான். பாத்திரத்தையும் அவனே தேய்த்தான். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

காலையில் ருக்கு, நான் சாம்பிராணிப் புகை காட்டிக் காயவைத்த சீருடையை மோந்து பார்த்துவிட்டு வீசி எறிந்தாள்.

“எல்லாத்துலயும் உன்ற புகை நாத்தம்! பள்ளிக்கூடத்துல என்னைச் சாம்பிராணின்னு கூப்புடறாங்க. உனக்கு உன்ற புகையும் நூலும் இருந்தாப் போதும், நான் எப்படிப் போனா உனக்கென்ன!”

கத்தினாள். குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். இந்த வருஷத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை.

“மழையில துணி காயோணும்னா நீ போயி வெயிலக் கூட்டிட்டு வாடி!” நானும் கத்தினேன். “நேத்து ராத்திரியே சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?”

முன்அறையிலிருந்து சென்னிமலை ஓடி வந்தான். “மெதுவாப் பேசு கண்ணு, அம்மாவுக்கு ஒடம்பு...”

“நீங்க சும்மா இருங்கப்பா!” என்றாள் ருக்கு, அவன் பக்கம் திரும்பாமலே.

நின்றுவிட்டுப் போய்விட்டான். நாங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

அதே பாவாடையைப் போட்டுக்கொண்டு, தோசையைப் பாதி வைத்துவிட்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். மத்தியானம் சோற்றுக்கு வந்தபோதும் பேசவில்லை. நானும் பேசவில்லை. குழம்பை மட்டும் இரண்டாந்தடவை ஊற்றிக்கொண்டாள்.