கேசவனுக்குத் தலை சுற்றிய வகுப்பு

16 ஜூன் 2025, சித்தூர்
என் வகுப்பில் தமிழோ தெலுங்கோ பேசினால் வெளியே நிறுத்திவிடுவேனாம். கான்வென்ட்டில் படித்தவள் அப்படித்தான் இருப்பாள் என்று ஆசிரியர் அறையில் பேச்சு. தவறு. தினமும் பஸ் பிடித்துப் போகும் எங்கள் திருப்பதி நர்சிங் கல்லூரியில் ஆங்கிலச் சொல்லுக்குப் பிள்ளைகளின் மொழியில் பொருள் சொல்பவள் நான் ஒருத்திதான். பொருளைச் சட்டென்று சொல்லிவிடுவேன். மீதி நேரமெல்லாம் அந்தச் சொல்லை அவர்கள் பேசிப் பழகத்தான்.

17 ஜூன்
இனி வகுப்பில் ஆங்கிலம் மட்டும் என்கிறார் பிரின்சிபால் விஜயராகவன். "பேரண்ட்ஸ் அதத்தான் கேக்கறாங்க மேடம்." வெள்ளிக்கிழமை நானும், இன்னொரு ஆங்கில ஆசிரியன், சின்னப் பையன் கேசவனும் அவர் முன்னால் பாடம் நடத்த வேண்டும். அவருக்குப் பிடிக்காதவருக்கு இந்த வருடம் வகுப்பு இல்லை.

19 ஜூன்
பச்சைக் கரைப் புடவைக்குக் கஞ்சி போட்டேன். பயமா? எனக்கா?

20 ஜூன்
முதலில் கேசவன். 'டிஸ்ஸி' என்ற சொல். தெலுங்கு வழியில் படித்தவன். ஆங்கிலத்தை விட்டு இம்மியும் நகரமாட்டான். சுற்றிச் சுற்றித் தள்ளாடிக் காட்டினான்.
"டான்ஸ், சார்."
மறுபடி சுற்றினான்.
"குடிச்சிட்டாரா சார்?" - கடைசி பெஞ்சிலிருந்து ஸ்ரீதேவி.
கேசவனுக்கு நிஜமாகவே தலை சுற்றிவிட்டது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.
பிறகு நான். "சாருக்கு இப்ப என்ன பண்ணுது?"
"தல சுத்துது மேடம்." "தல திருகுதோந்தி மேடம்."
"அதுதான் டிஸ்ஸி."
நகரி ஊரிலிருந்து வரும் தரணியை நோயாளியாக்கினேன். "காத்தால இருந்து ஒண்ணும் துன்னலம்மா, எழுந்தா கண்ணு இருட்டிக்கினு வருது" என்று முனகினாள். மற்றவர்கள் தமிழில் விசாரித்து, ஆங்கிலத்தில் குறிப்பு எழுதினார்கள். ஒருத்தி விடாமல் எல்லோரும் அந்தச் சொல்லைச் சரியாகப் போட்டிருந்தார்கள்.
"வார்டுல யாரும் இங்கிலீஷ்ல முனக மாட்டாங்க, சார்" என்று பிரின்சிபாலிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால், "போதும்டி, ரொம்பத் துள்ளாதே" என்றிருப்பார். துள்ளினேன்தான்.

21 ஜூன்
பஸ் ஸ்டாண்டு வரை கேசவன் கூட வந்தான். "நான் தெலுங்குல சொன்னா, இவனுக்கு இங்கிலீஷ் வராதும்பாங்க மேடம். உங்கள அப்படிச் சொல்ல முடியுமா?"
வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அவனோடு நின்றேன்.

24 ஜூன்
"நீங்க உங்க இஷ்டப்படி நடத்துங்க மேடம். உங்களுக்கு மட்டும்" என்றார் பிரின்சிபால்.
எனக்கு மட்டும் என்றால், என் முறைக்கா மரியாதை? என் கான்வென்ட் உச்சரிப்புக்கு.

25 ஜூன்
பிரின்சிபாலிடம் கொடுத்த கடிதத்தின் நகல்:
"சொற்பொருளை மாணவிகளின் மொழியில் சொல்ல எனக்கு அளித்த அனுமதி எல்லா ஆங்கில ஆசிரியர்களுக்கும் வேண்டும். இல்லையெனில் என் வகுப்பும் வேண்டாம்."
கீழே என் கையெழுத்து. அதன் பக்கத்தில் கேசவனுடையது, தெலுங்கில். கடைசியில் ஒரு வரி:
"தங்கள் பதிலை எழுத்தில் தரவும்."