நேரில் கண்டதில்லை

அண்ணை,

ஆய்வுகூட அலுமாரியின் கீழ்த்தட்டில் இன்று உங்கள் பெல்ட் அகப்பட்டது. ஸ்கேன் இயந்திரத்துக்குள் இரும்பு போகக்கூடாது என்று கழற்றி வைத்தீர்கள். அதை மறந்துபோய், ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்தபடி வீட்டுக்குப் போக மல்வேர்ன் பஸ் ஏறினீர்கள். "மெலிஞ்சு போனன் எண்டு சனம் நினைக்கட்டும்" என்று சிரித்தது நினைவிருக்கிறது.

ஒரு முகத்தை அடையாளம் காணும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. முகங்களைப் பார்ப்பவர்களின் மூளைப் படங்களைக் கொடுத்துக் கணினியைப் பழக்குவோம். பழகியபின், இது இவர் முன்பே பார்த்த முகம், இது புதிது என்று அது பிரித்துச் சொல்லும். ஆள் கிடைக்காமல் நான் திண்டாடியபோது, அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரரான நீங்கள் பேக்கரி வேலை முடிந்த கையோடு வந்து அந்த இயந்திரத்துக்குள் படுத்தீர்கள். அந்த நம்பிக்கையைத்தான் நான் கெடுத்தேன்.

ஊரில் நடந்த போரின் கடைசியில் என் தங்கை காணாமல் போனாள். அவளைக் கண்டதாகச் சொல்லப்பட்ட முகாமில்தான் நீங்களும் இருந்தீர்கள். கேட்டபோது, "அப்பிடியொரு பிள்ளையை நான் காணேல்லைத் தம்பி" என்றீர்கள். எனக்கு மனம் ஆறவில்லை. உங்களிடம் சொல்லாமல் அவள் படத்தையும் மற்ற முகங்களுக்குள் செருகினேன். வெட்கங்கெட்ட வேலை. "இவரை நேரில் கண்டிருக்கிறீர்களா?" என்று திரையில் கேள்வி வந்தது. "இல்லை" என்ற பட்டனை அழுத்தினீர்கள். கணினியோ, பார்த்த முகம் என்றது.

பொய் சொல்லிவிட்டீர்கள் என்று முடிவு கட்டினேன். ஏனென்று கேட்கவும் இல்லை. நீங்கள் திரும்பத் திரும்பப் போனில் அழைக்க, நான் எடுக்காமல் விட்டேன். மாசியில், வாசலில் கொட்டிக்கிடந்த பனியை வழித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள் என்ற செய்திதான் வந்தது.

உங்கள் சாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போய்வந்த அன்று எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, பிள்ளையின்ர படத்தை நானெல்லோ அவருக்குக் காட்டினனான்! எத்தினை தரம் காட்டிக் கேட்டிருப்பன். நீ உடைஞ்சு போவாய், உன்னட்டைச் சொல்ல வேண்டாமெண்டும் நான்தான் கேட்டனான்."

நேரில் கண்டீர்களா என்றுதான் கேட்டிருந்தேன். நீங்கள் படத்தில் மட்டுமே கண்டிருந்தீர்கள். கணினி பிழை விடவில்லை, அண்ணை. நீங்களும் விடவில்லை.

நீங்கள் கடைசியாக விட்ட குரல்செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனமில்லை, திரும்பக் கேட்கத் தைரியமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம்.

"தம்பி, அண்டைக்கு நான் பட்டனைப் பிழையா அமத்தி உம்மட வேலையைப் பழுதாக்கிப் போட்டனோ? கோவிக்காதையும். தேவையெண்டால் சொல்லும், திரும்பவும் வந்து படுக்கிறன்."