மழைத்தண்ணீரில் மட்டும் கரையும் மண்

ஆகஸ்ட் 18

சுப்ரஜா காலில் ரத்தம் என்று அலறிவிட்டேன். ரத்தமில்லை. முழங்காலில் சிராய்த்திருந்ததற்கு மஞ்சள் பற்றுப் போட்டிருந்தேன். அதோடு போய், என் வீட்டுக்காரரின் அண்ணன் வெட்டும் குட்டையோரம் ஈர மண்ணில் உட்கார்ந்திருக்கிறாள். மண் பட்ட இடமெல்லாம் மஞ்சள் சிவந்துவிட்டது. மூன்று வயதுப் பிள்ளை சிரிக்கிறது, நான் அவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு ஓடுகிறேன்.

கழுவிவிட்ட பிறகுதான் மூளை வேலை செய்தது. மஞ்சள் சுண்ணாம்பில் சிவக்கும். சோப்பில் சிவக்கும். மண்ணில் ஏன் சிவக்கிறது?

ஆகஸ்ட் 20

நாங்குநேரிக்குக் கிழக்கே எங்கள் மேய்ச்சல் காடு பதினோரு ஏக்கர். நான்கு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன், யோசிக்கவில்லை. காய்ந்தால் செங்கல், நனைந்தால் சோப்பு. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் நாட்கணக்கில் கலங்கலாகவே நிற்கும். ஒரு சாண் தோண்டினால் அடியில் புழுதி! நடுநடுவே வழித்துவிட்டதுபோல் பொட்டல். அங்கே ஆடு தலையே குனியாது.

பழைய வேதியியல் நோட்டைப் பரணிலிருந்து எடுத்தேன். சோடியம் ஏறிய களி. சோப்பு மாதிரி காரத்தன்மை, அதில்தான் மஞ்சள் சிவந்திருக்கிறது. ஊரில் களர் என்பார்கள். கால்சியம் இருக்கும் களித்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சோடியம் ஏறினால் அந்தப் பிடி விட்டுப்போகும். நல்ல தண்ணீர் பட்டதும் துகள் துகளாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விடும்.

இந்த மண்ணில்தான் இவருடைய அண்ணன், பூதத்தான் அத்தான், ஆளுயரத்துக்கு மேலே கரை போடுகிறார். கரைக்குக் கீழே வேப்பமரம். மரத்தடியில் ஆட்டுப்பட்டி. பட்டியில் இருபத்துமூன்று குட்டிகள். குட்டிகளோடு பகல் முழுக்க என் பிள்ளை.

ஆகஸ்ட் 21

சொல்லிப் பார்த்தேன்.

“களிமண்ணுல கரை போட்டாத்தான் எம்மா தண்ணி நிக்கும். ஒங்க ஆத்தங்கரை மணலுன்னு நெனச்சியா?” என்றார் அத்தான்.

இவர் ஆட்டோடு போய்விட்டு வந்ததும் இவரிடமும் சொன்னேன். “ஏட்டி, பிள்ள பெத்ததுல இருந்து ஒனக்கு எதுதான் பயமில்ல? அன்னைக்கு மின்விசிறி கழண்டு விழும்னு சொன்ன.”

சொன்னேன்தான். பயப்படுகிறவள் சொல்வதெல்லாம் தப்பாகத்தான் இருக்கும் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

செப்டம்பர் 3

இன்று மாதிரி அவமானப்பட்டதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அத்தான், இவர், ஜேசிபி ஓட்டுகிற கிங்ஸ்டன், மூன்று பேரையும் முற்றத்தில் நிற்கவைத்தேன். கண்ணாடி டம்ளரில் தண்ணீர். கரையிலிருந்து எடுத்த கோலிக்குண்டு அளவு மண்கட்டி. “பாலு மாதிரி கலங்கும், பாருங்க” என்று போட்டேன்.

கட்டி உதிர்ந்து அடியில் குவிந்தது. அவ்வளவுதான். மேலே தண்ணீர் பளிங்கு.

கால்மணி நேரம் நின்றோம்.

“எக்கா, நான் குடிக்கிற சாயா இதவிடக் கலங்கலா இருக்கும்” என்றான் கிங்ஸ்டன். அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “படிச்ச பிள்ளையாச்சேன்னு வெயில்ல நின்னேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

இவர் டம்ளர் தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். அதுதான் வலித்தது.

செப்டம்பர் 4

ஏன் கலங்கவில்லை? ஏன்?

செப்டம்பர் 9

கிங்ஸ்டனுக்கு டீ கொண்டுபோனேன். டம்ளரைத் தூக்கி வெயிலில் பார்த்தான், வேண்டுமென்றே. சிரித்துவிட்டேன், என்ன செய்ய. பிறகு அவனே தன் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தான். “மழக்காலத்துல உவரியில ஓடைத்தண்ணி செம்மண்ணாட்டம் வந்து கடல்ல விழும்க்கா. கொஞ்ச நேரந்தான். உப்புத்தண்ணி சேந்ததும் அடியில தங்கிரும்.”

டீத் தட்டோடு அப்படியே நின்றேன்.

உப்பு! நான் டம்ளரில் ஊற்றியது போர் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே தலைமுடி கயிறாகிப்போனதை நினைத்து அழுதவள் நான். அந்த உப்புதான் களியை இழுத்துப் பிடித்திருக்கிறது. அதனால்தான் அதே தண்ணீர் ஆட்டுத்தொட்டியிலிருந்து வழிந்து ஓடும் வாய்க்கால் கரையும் வருடக்கணக்கில் கரையாமல் நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் அத்தானுக்கு இந்த மண்மேல் இத்தனை நம்பிக்கை.

குட்டையில் வந்து நிற்கப்போவது போர் தண்ணீரா? மழை. உப்பே இல்லாத மழை.

தப்பு செய்தேன். ஆனால் நான் சொன்னது தப்பில்லை.

செப்டம்பர் 27

மத்தியானம் பத்து நிமிடம் தூறல். முற்றத்தில் அண்டா, குண்டான், சுப்ரஜாவின் குளியல் வாளி, எல்லாவற்றையும் பரப்பிவிட்டேன். பக்கத்து வீட்டு இசக்கித்தாய் அக்கா எட்டிப் பார்த்து, “என்னளா, குழாயில தண்ணி வரலியா?” என்றாள்.

இரண்டு டம்ளர் வைத்தேன். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் மழை. இரண்டிலும் ஒரே கட்டியை உடைத்துப் போட்டேன். மழை டம்ளரில் கட்டியைச் சுற்றிப் புகை மாதிரி கிளம்பியது. பத்து நிமிடத்தில் அடி தெரியவில்லை. சுப்ரஜா கைதட்டி, “டீ! டீ!” என்றாள்.

அத்தானிடம் இரண்டையும் காட்டினேன். நின்று பார்த்தார், அதை ஒத்துக்கொள்கிறேன்.

“டம்ளர்ல கலங்குனா கரை கரைஞ்சிருமா? மூணு நாளு மெஷினு வச்சு மிதிச்சிருக்கு.”

“கரைக்கு மேல செம்மண்ணும் ஜிப்சமும் போடுங்க அத்தான், ஜிப்சத்துல கால்சியம் இருக்கு, களியப் பிடிச்சுக்கிடும். மறுகாலாவது வெட்டுங்க, தண்ணி நெறஞ்சா வெளிய போகட்டும். முடியலன்னா பட்டிய மேட்டுக்கு மாத்துங்க. மூணுல ஒண்ணு.”

“பட்டி எங்கன இருக்கணும்னு எங்களுக்குத் தெரியும். நெழலு அங்கனதான் இருக்கு.”

அக்டோபர் 6

மாற்றிவிட்டேன்.

யாரையும் கேட்கவில்லை. ஆடுகள் மேய்ச்சலுக்குப் போனதும் இசக்கித்தாய் அக்காவும் நானும் பட்டியின் முள் படல்களைப் பிடுங்கிச் செம்மண் மேட்டில் நட்டோம். குட்டிகளை மூடிவைக்கும் குடாப்புக் கூடையை அக்கா தலையில் வைத்துக்கொண்டாள். சுப்ரஜா ஒரு குட்டியின் காதைப் பிடித்து இழுத்து வந்தாள். நிழலுக்கு ஓலை வேய்ந்தாயிற்று. கையெல்லாம் முள்.

அக்டோபர் 8

தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வருவதற்குள் பட்டி பழையபடி மரத்தடியில்!

“வெயில்ல குட்டி செத்தா நீயா பதில் சொல்லுவ?” என்கிறார் அத்தான்.

அக்டோபர் 9

திரும்பவும் மேட்டுக்கு. இந்த முறை படல்களைக் கயிறால் கட்டவில்லை, கட்டுக்கம்பி போட்டு முறுக்கினேன். அவிழ்க்க அரைநாள் ஆகும். யாருக்குப் பொறுமை அதிகம் என்று பார்த்துவிடலாம்.

வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்: “குட்டி செத்தா நான் பதில் சொல்லுதேன். இனி எவனாவது படல்ல கை வச்சா, நானும் எம் பிள்ளையும் எங்கம்மை வீட்டுக்குப் போயிருவோம். அப்புறம் இருபத்துமூணுக்கும் நீங்களே பால் புகட்டுங்க.”

எவனாவது என்று சொல்லியிருக்க வேண்டாம். வந்துவிட்டது. திருப்பி வாங்கமாட்டேன்.

இவர் போய்க் குறடு எடுத்துவந்தார். அவிழ்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். நான் விட்டுவைத்திருந்த நான்கு முனைகளையும் இறுக்கிவிட்டு, “கம்பி கையில கிழிச்சிரும், பாத்து” என்றார்.

அக்டோபர் 21

விடிந்ததிலிருந்து மழை. குட்டை பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. ஊரே வந்து பார்க்கிறது. அத்தான் குடைபிடித்துக் கரைமேல் நிற்கிறார், மாப்பிள்ளை மாதிரி. கரை அசையவில்லை.

நான் தப்பா?

தப்பாக இருந்தால் நல்லதுதானே. ஏன் சந்தோஷம் வரமாட்டேன் என்கிறது?

அக்டோபர் 22

காலையில் கரையின் வெளி அடியில் விரல் நுழையும் அளவு ஓட்டை. பால்நிறத் தண்ணீர். பத்து மணிக்குக் கை நுழையும். அத்தானைக் கூப்பிட்டு, “கரைமேல இருந்து எறங்குங்க” என்று கத்தினேன். முறைத்தார். ஆனால் இறங்கினார்.

மதியம் ஒன்றரைக்குக் கரை போயிற்று. மேலிருந்து உடையவில்லை. உள்ளுக்குள்ளேயே குடைந்துபோய், நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் நேராக மரத்தடிக்கு வந்தது. சிமெண்டுத் தொட்டியைப் புரட்டிக்கொண்டு போனது. பழைய பட்டியில் மிச்சம் நின்ற ஒற்றைக் கம்பையும் காணோம்.

மேட்டில் நின்று இவர் குட்டிகளை எண்ணினார். திரும்ப எண்ணினார். சுப்ரஜா என் இடுப்பில் இருந்தாள். கை வலித்தும் இறக்கிவிடவில்லை.

அக்டோபர் 24

எலி வளை தோண்டியதால் கரை போயிற்றாம். டீக்கடையில் பேச்சு. எலியாம் எலி!

நவம்பர் 12

வெயில் வந்துவிட்டது. காட்டில் இன்னும் கலங்கல் தண்ணீர் நிற்கிறது. மேட்டில் பட்டி காய்ந்து கிடக்கிறது. ஓலை நிழலில் குட்டிகள்.

மழைத்தண்ணீர் பிடித்துவைத்த பாட்டிலில் பாதி குறைந்திருந்தது. சுப்ரஜா கொட்டிவிட்டாள் என்று அவளைத் திட்டிவிட்டேன், பாவம். பிறகுதான் பார்த்தேன்: ஜன்னலில் நான் வைக்காத டம்ளர் மூன்று. ஒன்று கலங்கல். ஒன்று அரைக் கலங்கல். ஒன்று தெளிவு. பக்கத்தில் அத்தானின் துண்டு, மூன்று முடிச்சில் மூன்று மண்.

அத்தான் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எம்மா, அந்தத் தெளிஞ்சது கெழக்கு ஓரத்து மண்ணு. அங்கன கரை போட்டா, மறுகால் எங்கன வைக்கணும்?”