டேனர் என்ற பெயர்

ஆவடி
4.3.2024

மகள் கவிப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். உன் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக இருந்த என் பெயரை எடுத்துவிட்டு, கணவன் வீட்டுப் பெயரான டேனர் என்று போட்டுக்கொண்டாயாம். அம்மா போனில் காட்டினாள். உன்னோடு போனில் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவது தாண்டாதவன். ஆனால் அகராதி பார்க்கத் தெரியும். நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து தேடினேன். டேனர் என்றால் தோல் பதனிடுகிறவன். அந்தக் காலத்தில் அங்கே ஒரே ஊரில் நாலு ஜான் இருந்தால், அடையாளத்துக்குத் தொழிலையும் சேர்த்துக் கூப்பிட்டார்களாம். பிறகு பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் உழைத்து உன்னை இன்ஜினியர் ஆக்கினேன். கப்பலேறிப் போய் அந்த நாற்றத்தையா பெயரில் பூசிக்கொண்டாய்?

சம்பந்தம்

*

நார்த்தாம்ப்டன்
21.3.2024

அன்புள்ள அப்பா,

திட்டுவதற்காகவாவது எழுதினீர்களே. எட்வர்டுக்குப் படித்துக் காட்டினேன், கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு. நீங்கள் கண்டுபிடித்தது எல்லாம் சரி என்றான்.

அவன் அப்பா கூடத்துச் சுவரில் குடும்ப மரம் ஒன்றை வரைந்து மாட்டியிருக்கிறார். உச்சியில் இருப்பவர் ஓக் மரப்பட்டை ஊறிய குழியில் தோல் போட்டவர். யார் வந்தாலும் முதலில் அவரைத்தான் காட்டுவார். இப்போது என் பக்கத்துக்கும் ஒரு கிளை வரைந்திருக்கிறார். எல்லப்பன் என்று தாத்தா பெயரை எழுதியாகிவிட்டது. தொழில்தான் பாக்கி. செம்பரம்பாக்கத்தில் விவசாயம் என்பீர்களே, அதையே சொல்லிவிடட்டுமா? அதற்கு மேல் தாத்தாவைப் பற்றி நீங்கள் எதுவுமே சொன்னதில்லை.

உங்கள்
கவி

*

ஆவடி
9.4.2024

கவி,

விவசாயம் என்று எழுத வேண்டாம்.

என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தார். ஆவாரம்பட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இடுப்பளவு நின்று தோல் புரட்டுவார். நகமெல்லாம் பழுப்பேறியிருக்கும்.

எனக்கு வேலை கிடைத்த முதல் வாரம், சாப்பாடு எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். கூட இருந்த பாண்டியன், "மாமே, யாரு அந்தாளு? இன்னா நாத்தம்பா!" என்றான்.

"தெரிஞ்சவரு. வேல கேட்டுகினு வந்துகீறாரு" என்றேன்.

அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. சாப்பாட்டுத் தூக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஆமா சார். எதுனா இருந்தா சொல்லுங்க சார்" என்றார். பாண்டியனைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. வீட்டிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் இறந்த பிறகு, கேட்டவர்களுக்கெல்லாம் விவசாயம் என்றேன்.

பெயரை மாற்றுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அதில் நான் இறங்கி வர மாட்டேன். ஆனால் போன கடிதத்தில் நாற்றம் என்று எழுதினேனே, அது பாண்டியன் சொன்ன வார்த்தை. அதை அடித்துவிடு.

உன் மாமனாரிடம் சொல். என் அப்பா பெயருக்குக் கீழே தோல் பதனிட்டவர் என்று எழுதட்டும். பொடி எழுத்தாக இருக்கக் கூடாது. வாசலில் நிற்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.

எல்லப்பன் மகன்
சம்பந்தம்