குறிஞ்சிக்கு மணமில்லை, மாமா

யாரைக் கண்டாலும் "வாப்பா" என்று வாய்நிறைய அழைத்த என் அருமை மாமா அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் மலையேறி இறங்கிவிட்டேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி இந்த 2006-இல் பூத்திருக்கிறது என்று கேட்டு, மரக்காணத்திலிருந்து பதினான்கு பேர் ஒரு வேனில் மூணாறு போனோம். அக்காவும் வந்தார்.

நம் ஊரார் இலட்சணத்தைக் கேளுங்கள். தேசியப் பூங்காவின் வாசலில் இறங்கியதும் அவர்கள் முதலில் தேடியது பஜ்ஜிக் கடை. மேகம் விலகி ஆனைமுடிச் சிகரம் சிவலிங்கம்போல் எழுந்து நின்றது. உப்பளக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "என்னாப்பா இது, ஒரே பொகையா இருக்குது. நம்ம உப்புக் குவியலு இதவிட பளிச்சுனு இருக்குமே" என்றார். பாறை விளிம்பில் வரையாடு ஒன்று தவத்தில் இருப்பதுபோல் நின்றது. அதற்குப் பிஸ்கட் நீட்டினார்கள். அது திரும்பியும் பார்க்கவில்லை. அந்த ஆட்டின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. இவர்களுக்கெல்லாம் இறைவன் எதற்காகக் கண் கொடுத்தான்?

நானோ நாற்பது ஆண்டுகள் பழம்பாடல்களுக்குப் பொருள் சொன்னவன். அந்தச் செருக்கோடு வனக்காவலரிடம் போய், "குறிஞ்சி எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாமி, நீங்க நிக்கிறதே அதுக்கு நடுவுலதான்."

இடுப்பளவுப் புதர்கள். சரிவு முழுவதும் நீலம். குனிந்து ஒரு கொத்தை முகர்ந்தேன். மணம் இல்லை. அடுத்த செடிக்குப் போனேன். அதிலும் இல்லை.

"என்னடா, மோந்து மோந்து பாக்குற?" என்றார் அக்கா. "அவருதான் அன்னிக்கே சொன்னாரே."

சொன்னீர்கள். சென்றமுறை பூத்தபோது உப்பு லாரியோடு அம்மலைக்குப் போய் வந்தீர்கள். நம் பக்கத்து இரும்பை ஊர்ச் சிவன் கோவில் சொற்பொழிவில் நான், குறிஞ்சியின் நறுமணம் வழிகாட்டத் தலைவன் இருளில் வந்தான் என்று அளந்துகொண்டிருந்தேன். நீங்கள் எழுந்து, "தம்பி, அதுக்கு வாசனை கெடையாதுப்பா. நான் பாத்துட்டு வர்றேன்" என்றீர்கள். நான் ஒலிபெருக்கியில், "உப்பு மூட்டை ஏற்றுகிறவர் உரையாசிரியர் ஆகிவிட்டார்" என்றேன். சபை சிரித்தது. அதன்பின் என் சொற்பொழிவு நாள்களில் அக்காவைக் கோவிலுக்குள் அனுப்பிவிட்டு, நீங்கள் எதிரிலுள்ள டீக்கடையிலேயே இருந்துவிட்டீர்கள், சென்ற தை மாதம் உங்கள் உயிர் பிரியும்வரை. ஒருநாளாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா, மாமா?

பஜ்ஜி தின்றவர்கள் பூவைப் பார்க்கவில்லை. அவர்கள் குற்றம் அவ்வளவே. நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஈசன் சந்நிதியில் காணாததைக் கண்டதுபோல் உரைத்து, கண்டுவந்தவர் வாயை அடைத்தவன் நான். இதைவிட இழிந்த கல்வி எங்கே இருக்கிறது?

திரும்பும் வழியில், "மார்கழியில அதே மேடையில சொல்லிடப் போறேன், அக்கா" என்றேன்.

அவர் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, "சொல்லு. அன்னிக்குச் சிரிச்சவங்கள்ல பாதிப் பேரு போயிட்டாங்கடா. யாருகிட்ட சொல்லுவ?" என்றார்.

மீதிப் பேரிடம் சொல்வேன், மாமா. சபைக்கு வராதவர் வீட்டுக்கு நடந்துபோய்ச் சொல்வேன். இது உறுதி. அங்கே வந்துவிட்டவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இம்முறை இடைமறிக்க நான் அங்கில்லை.

உங்கள் மனைவியோடு பிறந்தும்
உங்களை அறியாதிருந்த மைத்துனன்