கோழியைக் கூப்பிட்ட பாஷை

இன்று காலையில் கூட்டைத் திறந்து குருணையை வீசிவிட்டு, நீங்கள் கூப்பிடுகிற மாதிரியே "புட்... புட்..." என்று கூப்பிட்டேன். மூன்றாவது "புட்" வரவில்லை. என் குரலுக்கு அரைமனதாக வருகிற கோழிகள் இன்று ஓடி வந்தன. நான் கூட்டடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் இந்தச் சத்தம் எனக்குப் பெரிய சிரிப்பு. நான் பிறந்த ஊரான கருங்கல்லில் எங்கள் வீட்டில் "பா, பா" என்றுதான் கூப்பிடுவோம். "கோழியக் கூப்பிடுதீயளா, புட்டு கேக்குதீயளா?" என்பேன். "எங்க வீட்ல எல்லாரும் இப்பிடித்தாம் ஏட்டி கூப்பிடுவாவ" என்பீர்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் உங்களுக்கு அந்த ஜெர்மன்காரர் பித்து பிடித்தது. உங்கள் குடும்பத்துக்கு முன்னோர் என்று சொல்லப்படுகிறவர். முந்நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, கூலிப்படை வீரராக டச்சுக் கப்பலில் வந்து, குளச்சல் சண்டையில் பிடிபட்டு, திருவிதாங்கூர் ராஜாவிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு, உதயகிரிக் கோட்டையில் தங்கி, இங்கேயே பெண் கட்டியவர். சொந்தக்காரர்களுக்கு அவருடைய நிறமும் உயரமும்தான் பெருமை. உங்களுக்கு வேண்டியது அவருடைய பேச்சு. தாய் கொடுத்தது ஜெர்மன், அதிகாரிக்குப் பதில் சொல்ல டச்சு, கடற்கரையில் போர்த்துக்கீசியம், கட்டியவளிடம் தமிழும் மலையாளமும் என்று அடுக்குவீர்கள். "பொண்டாட்டிகிட்ட எந்த பாஷையில சண்ட போட்டிருப்பாரு?" என்று சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்பீர்கள். "கொழம்புல உப்பில்லன்னு சொல்ல பாஷ எதுக்கு? மூஞ்சி போதும்" என்பேன்.

கோட்டைக்குள் கல்லறைக் கற்களைத் தடவித் தடவிப் பார்த்தீர்கள். கோட்டாறு, குளச்சல் என்று மாதா கோயில்களில் வயதானவர்களைத் தேடிப் போய், முழங்கால் வீங்கித் திரும்பினீர்கள். கடைசியில் கட்டிலில் கிடந்து, "அத்தன பாஷ தெரிஞ்ச மனுசன். எனக்கு ஒரு வார்த்த விட்டுட்டுப் போவலியே ஏட்டி" என்று கண் கலங்கினீர்கள். "பேசாமக் கெடங்க, கஞ்சி ஆறுது" என்றேன்.

நேற்று நம் மகள் போன் செய்தாள். ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. விசா வந்ததைப் பார்த்துவிட்டுத்தானே கண்ணை மூடினீர்கள்.

"அம்மா, இஞ்ச ஒரு வயசானவரு. பெத்த பிள்ளேள் பேரே மறந்து போச்சு. இன்னைக்கு ரொட்டியப் பிச்சு சன்னல் வழியாப் போட்டுட்டு, 'புட், புட், புட்'ன்னு கூப்பிடுகாரு. அப்பிடியே அப்பா! அவருக்க மககிட்ட கேட்டேன். அவிய ஊர்ல கோழிய அப்பிடித்தான் கூப்பிடுவாவளாம்."



அட பாவி மனுசா! இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா? ஊரெல்லாம் தேடினீர்களே, தினமும் விடிந்தால் உங்கள் வாயில்தானே இருந்தது! தற்செயலாகவும் இருக்கலாம், ஆதாரம் எங்கே என்று முதலில் நீங்களே கேட்பீர்கள். எனக்கு ஆதாரம் வேண்டாம். ஊர் திரும்ப வழியில்லாமல் போன ஒருவர், தன் அம்மா கூப்பிட்டது போலவே இங்கே ஒரு முற்றத்தில் நின்று கோழியைக் கூப்பிட்டிருக்கிறார். கட்டியவள் என்னைப் போலவே சிரித்திருப்பாள். அவர் போன பிறகு, அவளும் அப்படியே கூப்பிட்டிருப்பாள்.

"அப்பா கூப்பிடுக சத்தம் போன்ல இருக்கா அம்மா?" என்று மகள் கேட்டாள். உங்கள் போனை எடுத்துத் தேடினேன். கல்லறைப் படங்கள்தான் நிறைய இருக்கின்றன. உங்கள் குரல் ஒன்றுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி பேசும்போது நான் கூப்பிட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குத்தான் காலையில் கூட்டடியில் நின்று பழகினேன். அதற்குள் மூன்றாவதும் வந்துவிட வேண்டும்.